தகரத்துக்கு இந்தப் பக்கம்

கினிகத்தேனைக்கு மேலே மண் சரிந்து
பஸ் நின்று இரண்டு மணி நேரம்.
ஜேசிபி வரும் என்றார்கள். வருகிறது என்றார்கள்.
கண்ணாடி முழுக்க மழை.

முன்சீட்டுக்காரரின் தொப்பியில்
வெளுத்துப்போன கவ்வாத்துக் கத்தி,
குறுக்கே ஒரு மின்னல் கோடு.
அந்தச் சின்னம் தெரியாதவர்கள் கொடுத்து வைத்தவர்கள்,
அவர்களுக்கு இன்னும் காது நன்றாகக் கேட்கும்.

"நீங்க கவ்வாத்து பார்த்திருக்கீங்களா?"
கேட்டதுதான் தாமதம்.

அந்தோனிமுத்து. டிக்கோயாவில் ஃபார்மசி.
"பார்த்தேனாவா? பதினோரு தடவ.
பதுளை, பண்டாரவளை, அட்டன்ல மட்டும் மூணு.
தலவாக்கலையில ஸ்பீக்கர் புகைஞ்சப்ப
வாளியில தண்ணி அள்ளி ஊத்துனதே நான்தான்."

"வாளி இல்ல. சோடாப் போத்தல்."
பின்சீட்டிலிருந்து புஷ்பலீலா டீச்சர்,
மடியில் திருத்தாத கணக்குத் தாள்கள்.
தொண்ணூற்றெட்டில் முதல் வரிசையில் நின்ற
நாலு பொம்பளைப் பிள்ளைகளில் ஒருத்தி.
மற்ற மூன்று பேரையும் விரல் விட்டார்:
ஒருத்தி கனடாவில், ஒருத்தி கன்னியாஸ்திரி,
ஒருத்தியோடு பேச்சு இல்லை.
"ஒத்தைச் செருப்போட மல்லியப்பு சந்தி வரைக்கும் நடந்தேன்.
வீட்டுல கேட்டப்ப
நாய் கவ்விட்டுப் போச்சுன்னேன்."

எந்தக் கச்சேரியில் தொடங்கினாலும்
எல்லாரும் போய் முட்டுகிற இடம் ஒன்று:
அட்டன், கூட்டுறவு மண்டபம், கரண்ட் போன ராத்திரி.
கித்தார் செத்தது. பேஸ் செத்தது.
துவான் அஸ்மி மட்டும் டிரம்ஸை விடவில்லை.
பிரகா மைக்கைக் கீழே வைத்துவிட்டு
'அரைப்பேர்' பாட்டை வெறும் தொண்டையில் எடுத்தான்:
பேரை ரெண்டாக் கிழிச்சாங்க,
எந்தப் பாதி நான்?

கேசட்டில் அந்தப் பாட்டு இருக்கிறது.
கேசட்டில் இருப்பது வேறு பாட்டு.

"எங்க மாமாவும் அன்னைக்கு அங்க இருந்தாராம்"
என்கிறான் கண்டக்டர்; அவனுக்கு இருபத்திரண்டு இருக்கலாம்.
முந்நூறு பேர் கொள்கிற மண்டபம் அது.
அன்றிரவு உள்ளே இருந்த ஆயிரம் பேரையாவது
நான் இதுவரை சந்தித்திருக்கிறேன்.

பிரகாவின் சட்டை சிவப்பா, கறுப்பா
என்று சண்டை தொடங்கியது.
கறுப்பு என்று அடித்தார் டீச்சர்.
சிவப்பு, காலர் கிழிஞ்ச சிவப்பு, என்றார் ஃபார்மசி.
"தம்பி நீங்க சொல்லுங்க. இருந்தீங்கதானே?"

எழுபத்தைந்து ரூபாய் டிக்கெட்.
அந்த வாரம் அம்மாவுக்கு மூன்று நாள் அரைப்பேர்.
நான் மண்டபத்துக்குப் பின்னால்,
கணுக்கால் முங்கும் கானில்,
தகரச் சுவரில் கன்னத்தை வைத்து நின்றேன்.
பேஸ் அடிக்க அடிக்கத் தகரம் அதிர்ந்தது,
என் கடைவாய்ப் பல்லும் அதிர்ந்தது.
கரண்ட் இருந்தவரைக்கும் எனக்கு வெறும் இடி.
ஊர் மொத்தமும் இருண்ட பிறகுதான்
ஆணி ஓட்டைகள் வழியே
ஒவ்வொரு சொல்லாக வெளியே வந்தது.
பக்கத்தில் வடை விற்றவர்
கூடைக்கு மேல் குடையைச் சரித்தபடி கேட்டார்:
"யார்ரா அது, நம்ம சம்பளத்தப் பத்திக் கத்துறது?"

"நனைஞ்சிருந்துச்சு" என்றேன்.
இருவரும் ஒரே நேரத்தில் தலையாட்டினார்கள்.
"ஆமா ஆமா, வேர்வை."

எனக்கு வேர்வை தெரியாது.
நான் பார்த்தது பின்கதவைத் திறந்துகொண்டு
மழையில் வந்து நின்ற ஒரு நிழல்;
இருமியது, காறித் துப்பியது,
நெருப்புக்குச்சி கேட்டது.
என்னிடம் இல்லை.

"எந்தப் பக்கம் நின்னீங்க?" டீச்சர் விடவில்லை.
"தகரத்துப் பக்கம்."
"அது நல்ல இடம். ஸ்பீக்கருக்குக் கிட்ட."

வளைவில் மஞ்சள் விளக்கு சுழல்வது தெரிந்தது.
சேறு வழிய ஜேசிபி.
டிரைவர் சாவியைத் திருப்பினார்,
பஸ்ஸின் தகரம் முழுக்க நடுங்கியது,
நான் கன்னத்தை ஜன்னல் ஓரத்தில் சாய்த்துக்கொண்டேன்.

முன்சீட்டில் அந்தோனிமுத்து
கண்டக்டரைப் பிடித்து வைத்துக்கொண்டு
இன்னமும் சொல்லிக்கொண்டிருந்தார்,
அது வாளிதான் என்று.